தௌலத்தின் பை

தௌலத்துக்கு இந்தக் கோர்ட்டுக் கட்டிடத்தில் எந்தக் குழாயில் தண்ணீர் வரும் என்று தெரியும். மாடிப்படிக்குக் கீழே இருப்பதில் வராது. பின்புறம் வேப்பமரத்தடியில் இருப்பதில் பதினோரு மணிவரை வரும். பெயர் கூப்பிடும் டவாலியின் மகளுக்கு எத்தனையாவது மாதம் என்பதும் தெரியும். அவரும் வாசலில் எங்களைப் பார்த்ததும், இன்றைக்கு உங்களுடையது மூன்றாவது என்று அவளிடம்தான் சொன்னார். சாட்சி நான். கூண்டில் ஏறிப் பேச வேண்டியவள் நான். ஆனாலும் அவளிடம்தான் சொன்னார். ஒன்பது வருடமாக வந்துபோகிறவள், பழக்கம் இருக்கும், அதில் ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டேன். நினைத்து முடிப்பதற்குள் அடுத்த குறை கண்ணில் பட்டுவிட்டது. பெஞ்சில் அவள் உட்கார்ந்திருக்கும் இடம் தேய்ந்து வழவழப்பாக இருக்கிறது. என் பக்கம் சிலாம்பு குத்துகிறது. எங்கள் இருவருக்கும் நடுவில் அவளுடைய பை. நீல ரெக்சின் பை. ஜிப் பிய்ந்துபோய் இரண்டு ஊக்கு குத்தியிருக்கிறாள். மடியில் வைத்துக்கொள்ளாமல் நடுவில் வைத்திருக்கிறாள், ஒரு கையை மட்டும் அதன்மேல் போட்டபடி, தூங்கும் பிள்ளைமேல் கை போடுவதுபோல. அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். முதல் தகவல் அறிக்கை. பிரேதப் பரிசோதனை அறிக்கை. பத்திரிகையில் வந்த, அவள் புருஷன் ஹனிபா விழுந்துகிடக்கிற படம். ஹனிபா எப்படிச் செத்தார், எத்தனை காயம், எந்தக் காயம் எவ்வளவு ஆழம் என்று ஒரு டாக்டர் ஏழு பக்கத்துக்கு எழுதி, முத்திரை குத்தி, அவள் கையில் கொடுத்திருக்கிறார். என்னிடம் என் கணவருடைய ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று இருக்கிறது. அதில் ‘மாடிப்படியில் தவறி விழுந்ததால் தலையில் காயம்’ என்று எழுதியிருக்கிறது. எங்கள் வீட்டுக்கு மாடி கிடையாது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் எங்கள் மேலூத்துப்பட்டியில் நடந்த கலவரத்தில் பத்து பேர் இறந்தார்கள். அப்படித்தான் பத்திரிகையில் வந்தது, அப்படித்தான் சட்டசபையில் படித்தார்கள், அப்படித்தான் இன்றைக்கும் வருடாவருடம் பள்ளிவாசலில் துஆவுக்கு முன்னால் பெயர் வாசிக்கிறார்கள். பத்து பெயர். ஹனிபா ஆறாவது. பத்து முடிந்ததும் ஓதுபவர் மூச்சு விடுவார், அந்த மூச்சில் நான் மீரான் கனி என்று சொல்லிக்கொள்வேன், உதடு அசையாமல். என் கணவர் பதினோராவது. ஊர்வலம் கடைவீதிக்குள் திரும்பிய அந்தச் சாயங்காலம் அவர் தெற்குத் தெருவில் ஒரு வீட்டில் மோட்டார் ரிப்பேர் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தார். அங்கே என்ன நடந்தது என்று யாரும் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் சொல்லவில்லை. இருட்டியபிறகு யாரோ தள்ளுவண்டியில் கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் மவுத்தானார். அந்த நாட்களில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களைக் கட்டிலிலிருந்தே கைது செய்கிறார்கள் என்று ஒரே பேச்சு. அதற்குப் பயந்து என் கணவரின் அண்ணன், நான் பெரிய மச்சான் என்று கூப்பிடுகிறவர், மாடியிலிருந்து விழுந்தார் என்று எழுதச் சொல்லிவிட்டார். தம்பி பிழைப்பான், பிழைத்து ஜெயிலுக்குப் போய்விடக் கூடாது என்று நினைத்தார். பிழைக்கவில்லை. எழுதியது மட்டும் பிழைத்துக்கொண்டது. ஹனிபா விழுந்தது கடைவீதி நடுவில், மூன்று கடை வெளிச்சத்தில், எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரில். எவனோ படம்கூட எடுத்தான். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஒரு மனிதன் சாகிற இடத்தில்கூட ஒருவனுக்கு வாய்க்கிறது, ஒருவனுக்கு வாய்ப்பதில்லை. இப்படியெல்லாம் நினைப்பது பாவம் என்று தெரியும். தெரிந்து என்ன, ஒன்பது வருடமாக நினைக்கிறேன். அவள் புருஷனுக்கு வெளிச்சம் கிடைத்தது.

முதல் வழக்கு முடிந்துவிட்டது, டவாலி யாரோ ஒரு செல்லத்துரையைக் கூப்பிடுகிறார். இன்னும் ஒன்று. வாய் உலர்கிறது, ஆனால் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று அவளிடம் சொல்லி நடக்க மனம் வரவில்லை. சொன்னால் கூடவே வருவாள், குழாயைத் திறந்துவிடுவாள், நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒன்பது வருடத்துக்கு முன்பும் அவள்தான் நடந்தாள், நான் இத்தாவில் உட்கார்ந்திருந்தேன். இத்தா என்றால் எங்கள் ஊரில் நான்கு மாதமும் பத்து நாளும் புருஷனை இழந்தவள் வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது, அந்நிய ஆண் கண்ணில் படக் கூடாது, எங்கள் ஊர் வழக்கப்படி குரல்கூட வெளியே கேட்கக் கூடாது. நான் இருந்தேன். உள்ளறையில், வெள்ளைத் துப்பட்டியில், ஒரு நாள் குறையாமல். ஜமாஅத்தில் என்னைத்தான் உதாரணம் சொன்னார்கள். இருபதாம் நாள் ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார், காயம்பட்டு இறந்தவர்கள் கணக்கைச் சரிபார்க்கிறோம், மனைவியிடம் இரண்டு வார்த்தை கேட்க வேண்டும் என்று. கதவுக்கு அந்தப் பக்கம் அவர். இந்தப் பக்கம் நான். நடுவில் ஒரு பூப்போட்ட திரைச்சீலை. பெரிய மச்சான் வாசலில் நின்று, அவுக இத்தாவுல இருக்காக, பேசமாட்டாக, தம்பி மாடியிலேருந்து விழுந்துட்டான் என்றார். எழுதின பொய்யை மாற்றிச் சொன்னால் தன்னைப் பிடித்துக்கொள்வார்கள் என்று அவருக்குப் பயம். இன்ஸ்பெக்டர் அதை எழுதிக்கொண்டார். அவருடைய பேனா மூடும் சத்தம் கேட்டது. நான் இருமியிருந்தால்கூடப் போதும். திரை என் மூச்சுக்கு அசைந்துகொண்டிருந்தது. நான் மார்க்கத்துக்காகப் பேசாமல் இருந்தேன் என்று எல்லோரும் நினைத்தார்கள், நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். பயத்தில் இருந்தேன் என்பதும் உண்மை. நல்ல பெயர் கெட்டுவிடும் என்று இருந்தேன் என்பதும் உண்மை. அந்த வாரம்தான் விசாரணைக் கமிஷன் தாலுகா ஆபீசில் ஆறு நாள் உட்கார்ந்தது. தௌலத் போனாள். ஹனிபா அடங்கி ஒரு மாதம் ஆகவில்லை. முகத்தைத் திறந்துகொண்டு, நாற்பது ஆண்களுக்கு நடுவில் நின்று பேசினாள், படம் பிடித்துப் பத்திரிகையில் போட்டார்கள். அதை என்னிடம் கொண்டுவந்து காட்டியவர்களிடம் நான் ஒரு வார்த்தை சொன்னேன். “கபுர் மண்ணு காயல, அதுக்குள்ள ஆம்பளைகளுக்கு மூஞ்சியக் காட்டப் போயிட்டா.” அது அவள் காதுக்குப் போகாமல் இருந்திருக்காது. எங்கள் ஊரில் எதுவும் அப்படி நிற்காது. ஒன்பது வருடத்தில் அவள் ஒரு தடவைகூட அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், தீர்ந்திருக்கும். நான்கு வருடம் கழித்து வெளியூரிலிருந்து மார்க்கம் படித்த ஓர் ஆலிம் பயான் பேச வந்தார். தேவை என்று இருந்தால் பகலில் இத்தாவில் இருப்பவள் வெளியே போய்வரலாம், அதற்கு இடம் இருக்கிறது என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். ஒரே வரி. அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். பெண்கள் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். தௌலத் அன்று அங்கே இல்லை. அவளுக்குக் கோர்ட்டில் வாய்தா.

தனராசு வந்துவிட்டார். மூன்றாம் எதிரி, இங்கே குற்றம் சாட்டப்பட்டவரை எதிரி என்றுதான் சொல்கிறார்கள். கடைவீதியில் மாவு மில் வைத்திருந்தவர். நோன்புக் கஞ்சிக்கு நொய் உடைக்கப் போனால் மிஷினைத் துடைத்துவிட்டு, முதல் பிடியைத் தனியாக எடுத்துப் போட்டுவிட்டு அரைத்துக் கொடுப்பார். அந்தக் கையில்தான் அன்றைக்கு ஷட்டர் இழுக்கும் கம்பி இருந்தது, நுனியில் கொக்கி வளைந்தது, எல்லாக் கடையிலும் இருக்கும் அதே கம்பி. இப்போது கை மெலிந்துவிட்டது. சர்க்கரை போல, ஒரு காலில் கட்டுப்போட்டு, செருப்பை நார் வைத்துக் கட்டியிருக்கிறார். கூட அவர் மனைவி. தூணோரம் அவரை உட்காரவைத்து, டப்பாவைத் திறந்து இட்லியை எடுக்கும்போதே, சாப்பாட்டுக்கு முன்னாடி உள்ள மாத்திரை, அதப் போடுங்க மொதல்ல என்கிறாள். அவர் அலுத்துக்கொள்கிறார். இவள் விடாமல் உள்ளங்கையில் வைக்கிறாள். எனக்கு இவரைப் பார்த்தால் பயம் வரும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். வந்தது பயம் இல்லை. மாத்திரை போடச் சொல்லித் திட்டுவதற்கு அவளுக்கு ஓர் ஆள் இருக்கிறார். அவ்வளவுதான் தோன்றியது. என் கணவர் இருந்திருந்தால் அவருக்கும் சர்க்கரை வந்திருக்கும், அவருடைய அத்தாவுக்கு, என் மாமனாருக்கு, இருந்தது. நானும் டப்பா கட்டியிருப்பேன். கொலைகாரனின் பெண்டாட்டியைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அந்த அம்மாள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சட்டென்று டப்பாவுக்குள் குனிந்துகொண்டாள். தனராசு பார்க்கவில்லை. அல்லது பார்த்தும் நான் யார் என்று தெரியவில்லை. ஜன்னலுக்குள் நின்ற முகம் அவருக்கு எப்படித் தெரியும்.

என்னோடு ஆறு சாட்சிகள். ஐந்து பேர் பிறழ்ந்துவிட்டார்கள். ஒருவர் கண் மங்கிவிட்டது என்றார், ஒருவர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்றார், மீதி மூன்று பேர் ஒரே வாக்கியத்தை மாற்றாமல் சொன்னார்கள்: ஞாபகம் இல்லை. மிச்சம் நான். அரசு வக்கீல் காலையில் தாழ்வாரத்தில் என்னைத் தனியே கூப்பிட்டு, நீங்க நின்னாத்தான் கேஸ் நிக்கும்மா என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். இந்த ஒன்பது வருடத்தில் நான் தேவைப்படுகிறேன் என்று ஒருவர் சொன்னது அது முதல் தடவை, அதுவும் தௌலத்துக்காக. ஐந்தாவது வருடம் மறுவிசாரணைக்கு உத்தரவு வாங்கினாள் அவள், புது அதிகாரி வீடு வீடாக வந்தார். அப்போது நான் திரைக்குப் பின்னால் நிற்கவில்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஜன்னலில் பார்த்ததைச் சொன்னேன், எழுதிக்கொண்டார். பிறகு என் கணவரைச் சொன்னேன். சீட்டை எடுத்துக் காட்டினேன், மாடி இல்லாத வீட்டை நிமிர்ந்து பாருங்கள் என்றேன். பார்த்தார். பார்த்துவிட்டு, “அது இந்தக் கேஸ் இல்லைம்மா” என்றார். கெட்டவர் இல்லை, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனார். அது இந்தக் கேஸ் இல்லை. அதற்குப் பிறகு நான் பார்த்த வக்கீல், எழுதிப்போட்ட கலெக்டர் ஆபீஸ், எல்லாரும் அதையேதான் வேறு வேறு மாதிரி சொன்னார்கள். இது எந்தக் கேஸ் என்று யாரும் சொல்லவில்லை. இப்போது நான் உள்ளே போய் ஞாபகம் இல்லை என்று சொன்னால் என்ன ஆகும். இரண்டு சொல். ஐந்து பேர் சொன்னது. தனராசு இட்லி டப்பாவைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போவார். தௌலத் இந்த நீலப் பையோடு வீட்டுக்குப் போவாள், உள்ளே இருக்கும் ஏழு பக்கமும் என் சீட்டும் அப்போது ஒரே மதிப்புக்கு வந்துவிடும். அவளும் என்னைப்போல ஆவாள். தெருவில் எதிரில் வந்தால் நான் அவள் கையைப் பிடித்துக்கொள்வேன். உண்மையாகவே பிடித்துக்கொள்வேன், அழுவேன்கூட. அந்தக் காட்சி எனக்கு இனிப்பாக இருந்தது. ராத்திரி தொழுதுவிட்டு உட்கார்ந்தபோதும் இதேதான் வந்தது, பாயைச் சுருட்டி வைத்துவிட்டேன். அந்தக் கம்பி மேலே போனதைப் பார்த்தேனே. அது எங்கே போகும். ஞாபகம் இல்லை என்று சொன்ன வாயால் பதினோராவது பெயரை எப்படிச் சொல்வது. சொல்லலாம், யாருக்குக் கேட்கப்போகிறது, உதடு அசையாமல்தானே.

“மைமூன் அக்கா, ஒரு வாய் சாப்பிடு. இன்னும் கூப்பிட நேரமாகும்” என்றாள் தௌலத். பையிலிருந்து அல்ல, தனியாக ஒரு தூக்கிலிருந்து எலுமிச்சை சாதம் எடுத்தாள். பைக்குள் சாப்பாட்டை வைக்கமாட்டாள், எண்ணெய் பட்டுவிடும். வேண்டாம் என்றேன். அவள் மட்டும் இரண்டு கவளம் தின்றாள். கை கழுவப் போகாமல் ஒரு துணியில் துடைத்துக்கொண்டாள், பையை விட்டுப் போக வேண்டுமே. கண்ணாடியைக் கழற்றி அதே துணியில் துடைத்தாள். அப்போதுதான் பார்த்தேன், கண்ணாடி மூக்கில் பதிந்து இரண்டு பக்கமும் கறுத்திருந்தது. அவளுக்கு என்னைவிட ஆறு வயது கம்மி. எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“நான் இன்னும் இத்தாவே இருக்கலக்கா. இது முடியட்டும், ஒரு நாலு மாசம் கதவச் சாத்திக்கிட்டு உள்ள உக்காரணும். யாரு வந்தாலும் தொறக்க மாட்டேன். நீ இருந்த மாதிரி.”

குத்திக்காட்டுகிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. ஆசையாகச் சொன்னாள், திருவிழாவுக்குப் போக வேண்டும் என்பதுபோல. எனக்குச் சுர்ரென்று ஏறியது. எல்லாம் இருக்கிறது அவளிடம், படம், ஏழு பக்கம், வக்கீல், பெயர் தெரிந்த டவாலி, பள்ளிவாசலில் ஆறாவது இடம். என்னிடம் இருந்தது அந்த நூற்று முப்பது நாள் மட்டும்தான். அது என்னை என்ன செய்தது என்று எனக்குத்தான் தெரியும், இருந்தாலும் அது என்னுடையது. இப்போது அதையும் கேட்கிறாள். அதுக்கெல்லாம் காலம் கடந்து போச்சு, அதெல்லாம் இப்ப இருக்க முடியாது என்றேன். தெரியும்க்கா என்றாள். தெரியும், ஆனாலும் இருப்பேன் என்றாள். அடுத்து நான் ஏதாவது சொல்லியிருப்பேன், நல்லதாக இருந்திருக்காது. டவாலி வெளியே வந்து, தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி, வழக்கம்போல மூன்று முறை கூப்பிட்டார். மைமூன் பீவி, மைமூன் பீவி, மைமூன் பீவி. என் பெயரை இவ்வளவு சத்தமாக யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் இவ்வளவு சத்தமாகப் பேச்சே கிடையாது.

கூண்டு நினைத்ததைவிடச் சின்னது. எதிரே தனராசு, கட்டுப்போட்ட காலைத் தூக்கி வைத்தபடி, ஒற்றைக் காலில் சாய்ந்து நிற்கிறார். பின்வரிசையில் தௌலத். சத்தியம் செய்யச் சொன்னார்கள், செய்தேன். வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று அந்த நிமிடம்வரை எனக்குத் தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நீதிபதிக்குக் கீழே உட்கார்ந்திருந்த தட்டச்சர் பெண், சின்னப் பெண்தான், என்னைப் பார்க்காமலே கேட்டாள், பெயர். சொன்னேன். வயது. சொன்னேன். அதே குரலில், கணவர் பெயர் என்றாள். இதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அரசு வக்கீல் எத்தனையோ கேள்வி கேட்பார்கள் என்று பழக்கியிருந்தார், இதைச் சொல்லவில்லை, எல்லாச் சாட்சியிடமும் கேட்கிற கேள்வி, இதைப் பழக்க என்ன இருக்கிறது. என் கை கட்டையைப் பிடித்துக்கொண்டது.

“மீரான் கனி” என்றேன்.

விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. அவள் நிமிர்ந்து, இருக்காங்களா என்றாள். இல்லை என்றேன். எப்போ தவறினாங்க என்று அவள் கேட்கவில்லை, நானே சொன்னேன். “ஹனிபா அண்ணன் செத்த நாலாம் நாளு. அதே கலவரத்துல.” எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்துவிட்டார். அது இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லாதது என்றார். நீதிபதி என்னை ஒரு பார்வை பார்த்தார், கடுமையாக இல்லை. பெயர் வரைக்கும் இருக்கட்டும், காலமானவர் என்று போடுங்கள், மற்றதை எழுத வேண்டாம் என்றார். தட்டச்சர் தட்டினாள். அவ்வளவுதான். ஒன்பது வருடம் கதவுகதவாக எடுத்துப்போன பெயரை ஒரு சின்னப் பெண் மூச்சு விடும் நேரத்தில் எழுதிவிட்டாள், அது என்ன என்று தெரியாமலே. அரசு வக்கீல் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, அன்று மாலை நீங்கள் எங்கே இருந்தீர்கள், என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். அந்தப் பெயருக்குக் கீழே ஞாபகம் இல்லை என்று எழுதவைக்க முடியாது. அவர் பெயர் மேலே இருக்கும்போது முடியாது. இதில் தௌலத்துக்காக என்று ஒன்றுமில்லை. ஜன்னல்ல நின்னேன் என்று ஆரம்பித்தேன். ஹனிபா அண்ணன் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். தனராசு கையில் கம்பி இருந்தது. எத்தனை அடி என்று கேட்டார்கள், நான் எண்ணியது மூன்று. யார் அந்தத் தனராசு, காட்டுங்கள் என்றார்கள். காட்டினேன். எதிர்த்தரப்பு வக்கீல் முக்கால் மணி நேரம் கேட்டார். ஜன்னல் எவ்வளவு உயரம், விளக்கு எந்தப் பக்கம், நாலு வருஷம் ஏன் வாயைத் திறக்கவில்லை. கடைசிக் கேள்விக்கு மட்டும் நீதிபதியைப் பார்த்துச் சொன்னேன். பயந்துக்கிட்டு இருந்தேன் என்றேன். மார்க்கத்தைச் சொல்லவில்லை.

ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்கினார்கள். முதல் பக்கத்தில் போடும்போது மேலே பார்த்தேன். இருந்தது. கணவர் பெயர், மீரான் கனி, காலமானவர். அந்தக் காகிதம் எனக்கு ஒன்று கிடைக்குமா என்று தட்டச்சரிடம் கேட்டேன். நகல் கேஸ்காரர்கள் மனுப் போட்டுத்தான் வாங்கணும்மா, சாட்சிக்குக் கொடுக்கமாட்டாங்க, பதினஞ்சு நாளாகும் என்றாள். அதுவும் தௌலத்திடம்தான் போகும். நீலப் பைக்குள், ஏழு பக்கத்துக்குப் பக்கத்தில், ஊக்கு குத்தி. நல்லது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெளியே தாழ்வாரத்தில் தனராசின் மனைவி தூணில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள், டப்பா காலடியில் உருண்டு கிடந்தது. தாண்டிப் போனேன். படியில் தௌலத் நின்றிருந்தாள். நன்றி கின்றி என்று ஏதாவது சொல்வாள், அதைக் கேட்க முடியாது என்று பயந்தேன். சொல்லவில்லை. நகலுக்கு நாளைக்கே மனுப் போட்டுர்றேன், வந்ததும் மொத பக்கத்த ஜெராக்ஸ் எடுத்து ஒன்னு ஒனக்கு என்று மட்டும் சொன்னாள். அப்படியானால் அவர் பெயர் பின்வரிசைவரை கேட்டிருக்கிறது.

“பையக் குடு” என்றேன்.

எதுக்குக்கா என்றாள். கனமில்லக்கா, நானே தூக்கிக்குவேன் என்றாள். அவள் கை பிடியில் இறுகுவதைப் பார்த்தேன், அதை வேறு ஒருவர் தூக்கி நான் பார்த்ததில்லை, அவள் மகன்கூட. குடு என்றேன் இன்னொரு தடவை. என் முகத்தைப் பார்த்தாள், அவளைப் பற்றி நான் அன்று சொன்ன அந்தப் பழைய வார்த்தையை அதில் தேடுவதுபோல. பிறகு கொடுத்தாள். பஸ் நிலையம்வரை நான்தான் தூக்கி வந்தேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன், ஊக்கு புடவையில் மாட்டி நூல் இழுத்தது. எனக்கு முன்னால் இறங்குகிறவள் அவள். சந்தைப்பேட்டை தாண்டியதும் கையை நீட்டினாள். இன்னும் நிறுத்தம் வரவில்லை என்றேன். பஸ் நிற்கும்வரை கொடுக்கவில்லை.